மகனை அங்கிலிக்கன் போர்டிங் ஸ்கூலுக்கு அனுப்பலாமோ? மதம் மாறிடுவானோ எண்டு பயமாக் கிடக்கு

கேள்வி:

வணக்கம். எனக்கு ஒரு மகன், ரெண்டு மகள். மகனுக்கு 12 வயசு. வாற செப்டம்பர் இயர் 9க்கு இங்கிலாந்தில பேர்போன பழைய அங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை) பள்ளிக்கூடம் ஒண்டில இடம் கிடைச்சிருக்கு, ஆம்பிளைப் பிள்ளையள் மட்டும் படிக்கிற போர்டிங். கொஞ்சம் ஸ்கொலர்ஷிப்பும் தருகினம். என்ர கணவர் யாழ்ப்பாணத்தில சென் ஜோன்ஸ் கல்லூரி ஹோஸ்டலில இருந்து படிச்சவர், "அங்க படிச்சதாலதான் நான் மனுசன் ஆனனான், இவனும் போகோணும்" எண்டு ஒரே பிடி. நாங்கள் சைவம். கிழமையில கன நாள் சப்பலுக்கு (பள்ளிக்கூடத்துச் சேர்ச்சுக்கு) கட்டாயம் போகோணும் எண்டு ப்ரொஸ்பெக்டஸில கிடக்கு, பிள்ளை மதம் மாறிடுவானோ எண்டு எனக்கு நித்திரை இல்லை. எங்களைப் பாத்து வெக்கப்படுற ஒரு துரையா வந்திடுவானோ, பொம்பிளைப் பிள்ளையளோட பழகத் தெரியாமல் போயிடுமோ எண்டும் பயம். மகனைக் கேட்டால் "ஐ டோன்ட் மைண்ட்" எண்டுறான். அவனுக்கு ரக்பி பிடிக்காது, செஸ்ஸும் படம் கீறுறதும்தான். அம்மம்மா ஒரே அழுகை. நான் என்ன செய்ய?

பதில்:

வணக்கம் தங்கச்சி. உங்கட கடிதத்தில முக்கால்வாசி மதத்தைப் பற்றித்தான் இருக்கு, மகன் "ஐ டோன்ட் மைண்ட்" எண்டு சொன்னதுக்கு ஒரே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீங்கள். எனக்கு அந்த ஒரு வரிதான் பெரிசாத் தெரியுது, ஏன் எண்டு பிறகு சொல்லுறன். போர்டிங்கில படிக்கிற பெடியளோட கதைக்கிறதுதான் கன வருசமா என்ர வேலை, அதால நான் சொல்லுறது பள்ளிக்கூடங்களுக்கு எதிரா இருக்கிற மாதிரி உங்களுக்குத் தெரியலாம், அப்பிடி இல்லை, கஷ்டப்படுற பெடியள் மட்டும்தான் என்னட்ட வருவினம், சந்தோசமா இருக்கிறவன் ஏன் வரப்போறான், அதையும் கணக்கில எடுத்து வாசியுங்கோ.

முதல்ல மதத்தை முடிப்பம். சப்பல் எண்டால் என்ன நடக்குது எண்டு தெரியாமல் பயப்பிடுறதை விட தெரிஞ்சு வைச்சிருக்கிறது நல்லம். விடிய ஒரு 15, 20 நிமிசம், எல்லாப் பெடியளும் ஹவுஸ் ஹவுஸா (ஹவுஸ் எண்டால் அவையள் தங்கிற விடுதி, அதுக்குப் பொறுப்பானவர் ஹவுஸ் மாஸ்டர்) வரிசையில வந்து இருப்பினம், ஓர்கன் வாசிக்க ஒரு பாட்டு, பைபிளில ஒரு துண்டு, ஆரோ ஒரு மாஸ்டர் அஞ்சு நிமிசம் கதைப்பார், அது கன தரம் கடவுளைப் பற்றியே இருக்காது, தோத்த மட்ச்சைப் பற்றியோ வறுமையைப் பற்றியோ இருக்கும், ஒரு ஜெபம், முடிஞ்சுது. ஞாயிற்றுக்கிழமை இல்லாட்டி கிழமையில ஒரு நாள் பின்னேரம் நீளமான ஆராதனை இருக்கும், 1662ஆம் ஆண்டுப் பொது ஜெபப் புத்தகத்தின்ர பழைய இங்கிலிஷை இப்பவும் வாசிக்கிற இடங்களும் இருக்கு. நற்கருணை குடுக்கிற நேரம் மற்றச் சமயப் பிள்ளையள் இருந்த இடத்திலயே இருக்கலாம், இல்லாட்டி ரெண்டு கையையும் நெஞ்சில குறுக்கா வைச்சுக்கொண்டு வரிசையில போனால் பாதர் அப்பத்தைக் குடுக்காமல் ஒரு ஆசீர்வாதம் மட்டும் சொல்லி அனுப்புவார், இது அங்கிலிக்கன் சேர்ச்சுகளில வழமையா நடக்கிறது, ஆரும் ஒரு மாதிரிப் பாக்க மாட்டினம். திடப்படுத்தல் வகுப்பு எண்டு, கிறிஸ்தவ விசுவாசத்தை உறுதிப்படுத்துறதுக்கு ஒண்டு நடக்கும், அது விரும்பின பிள்ளையளுக்கு மட்டும், தாய் தேப்பனிட்டக் கேக்காமல் சேர்க்கிற பள்ளிக்கூடத்தை நான் இன்னும் காணேல்ல.

சட்டம் என்ன சொல்லுது எண்டால், அரசாங்கப் பள்ளிக்கூடங்களில கூட்டு வழிபாட்டில இருந்து பிள்ளையை விலக்கச் சொல்லிக் கேக்கிற உரிமை தாய் தேப்பனுக்கு இருக்கு, ஏ லெவல் வகுப்புப் பிள்ளையள் தாங்களே விலகலாம். ஆனால் இது ப்ரைவேட் பள்ளிக்கூடம், அந்த உரிமை இஞ்ச செல்லாது, நீங்கள் சைன் வைக்கிற கொன்ட்ராக்ட்டில என்ன இருக்கோ அதுதான். "சப்பலுக்கு வரோணும்" எண்டு அதில இருந்தால் போகத்தான் வேணும். போறது கட்டாயம், நம்புறது கட்டாயம் இல்லை எண்டுறதுதான் கன பள்ளிக்கூடங்கள் எடுக்கிற நிலை. வெள்ளிக்கிழமை மரக்கறிச் சாப்பாடு, தீபாவளிக்கு லீவு, கோயில் திருவிழாவுக்கு ஒரு நாள் வெளியில விடுறது, இதுகளை இப்பவே ஈமெயிலில கேட்டு எழுத்தில பதில் எடுத்து வையுங்கோ, வாயால சொன்னது அடுத்த ஹவுஸ் மாஸ்டர் வந்தவுடன காத்தோட போயிடும்.

மதம் மாறுறதைப் பற்றி யாழ்ப்பாணத்து ஆக்களுக்கு நான் சொல்லித்தர ஒண்டுமில்லை. ஆறுமுக நாவலர் எங்க படிச்சவர்? வெஸ்லியன் மிஷன் பள்ளிக்கூடத்தில. அது அங்கிலிக்கன் இல்லை, மெதடிஸ்ட், எண்டாலும் பாதிரிமாற்ற இடம்தானே. அங்கயே படிப்பிச்சு, பேர்சிவல் பாதிரியாருக்கு பைபிள் மொழிபெயர்ப்பில உதவி செய்து, அவையள் எப்பிடி பள்ளிக்கூடம் நடத்தினம், எப்பிடிப் பிரசங்கம் பண்ணுகினம், எப்பிடி அச்சடிக்கினம் எண்டு எல்லாத்தையும் வடிவாப் பாத்திட்டு 1848இல வண்ணார்பண்ணையில சைவப்பிரகாச வித்தியாசாலையைத் துவங்கினவர். உங்கட அவரும் சென் ஜோன்ஸ் ஹோஸ்டலில இருந்திட்டு இப்பவும் சைவமாத்தான் இருக்கிறார். உண்மையைச் சொன்னால் இந்தக் காலத்தில இங்கிலாந்தில படிக்கிற பெடியன் கிறிஸ்தவனா மாறுறதை விட ஒரு மதமும் வேண்டாம் எண்டு நிக்கிறதுக்குத்தான் சான்ஸ் கூட, அது வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில படிச்சாலும் நடக்கும். கிழமையில கன நாள் போனைத் தொடாமல் 500 பேரோட அசையாமல் இருக்கப் பழகுறது எனக்குப் பிடிச்ச விசயம், நான் சாமி கும்பிடுற ஆள் கூட இல்லை.

இனி உங்கட அவற்ற பக்கம். சென் ஜோன்ஸ் 1823இல சேர்ச் மிஷனரி சொசைட்டி துவங்கினது, 200 வருசத்தைத் தாண்டின அங்கிலிக்கன் பள்ளிக்கூடம், அந்தப் பெருமை எனக்கு விளங்குது, "வடக்கின் பெருஞ்சமர்" எண்டு வாயெடுத்தால் 50 வயசு மனுசரும் எழும்பி நிண்டு கூவுவினம், யாழ்ப்பாணம் சென்ட்ரல் கல்லூரிக்கு எதிரா 1904இல துவங்கின கிரிக்கெட் மட்ச்சை நேற்று நடந்த மாதிரிக் கதைப்பினம். ஆனால் அவரிட்ட ஒரு விசயம் கேளுங்கோ. அவர் படிச்ச இடத்தில கூடப் படிச்சவன், படிப்பிச்ச சேர், குசினியில சமைச்சவர் எல்லாருமே தமிழ். மேசையில வாறது வீட்டில சாப்பிடுற சோறுதான், வருத்தம் எண்டால் ஊரில இருந்து ஆரும் ஒரு பஸ் எடுத்து வந்திடலாம். பேர் கூப்பிட்டால் பிழையா உச்சரிக்க ஆள் இல்லை. மகன் போற இடத்தில அவன் கண்ணாடி பாக்கிற நேரம் தவிர தன்னை மாதிரி முகம் காணுறது அருமையா இருக்கலாம். ரெண்டும் அங்கிலிக்கன், ரெண்டிலயும் சப்பல், ஹவுஸ், ப்ரிஃபெக்ட், பழைய மாணவர் சங்கம் எல்லாம் இருக்கு, வெளியால பாத்தால் அச்சு ஒண்டுதான். உள்ளுக்க ஒரு பிள்ளைக்கு நடக்கிறது வேற. இவற்ற அனுபவத்துக்கு நான் அரைவாசி மார்க் குடுப்பன், அதுக்கு மேல குடுக்க ஏலாது.

"மனுசன் ஆனனான்" எண்டு அவர் சொல்லுறதுக்கும் ஒரு சரித்திரம் இருக்கு. இந்தப் பழைய பள்ளிக்கூடங்களில சிலது துவங்கினது ஏழைப் பெடியளுக்கு, இப்ப சொன்னால் ஆரும் சிரிப்பினம். வின்செஸ்டரை 1382இல துவங்கினவர் ஒரு பிஷப், 70 ஏழை மாணவருக்கு. ஈட்டனை 1440இல துவங்கின ஆறாம் ஹென்றி ராசாவும் அதே 70 பேருக்குத்தான். காசுக்காரர் மெல்ல மெல்ல உள்ளுக்க வந்து முழு வீட்டையும் எடுத்திட்டினம். 1828இல ரக்பி பள்ளிக்கூடத்துக்கு தோமஸ் ஆர்னல்ட் எண்ட பாதிரியார் ஹெட்மாஸ்டரா வந்தவர், 1842இல சாகும் மட்டும் அங்கதான். "நான் இஞ்ச தேடுறது முதல்ல மத, ஒழுக்கக் கொள்கை, ரெண்டாவது கண்ணியமான நடத்தை, மூண்டாவதுதான் புத்தி" எண்டு வெளிப்படையாச் சொன்னவர். மூத்த பெடியளிட்டப் பொறுப்பைக் குடுத்து அவையளைக் கொண்டே சின்னப் பெடியளை நடத்தினவர், அந்த ப்ரிஃபெக்ட் முறைதான் பிறகு உலகம் முழுக்கப் போனது, யாழ்ப்பாணத்துக்கும் வந்தது. இப்ப ப்ரொஸ்பெக்டஸைத் திறந்து பாருங்கோ, ரிசல்ட்ஸும் ஒக்ஸ்ஃபோர்டுக்கு எத்தினை பேர் போனதும் முன் பக்கத்தில, ஒழுக்கம் நடுப்பக்கத்தில, மதம் கடைசியில ஒரு சப்பல் படத்தோட. ஆர்னல்ட் பாத்தால் மனுசனுக்கு நெஞ்சு வருத்தம் வந்திருக்கும்.

இந்தப் பள்ளிக்கூடங்கள் நல்லாப் பழக்கிற விசயங்கள் இருக்கு, இல்லை எண்டு சொல்லேலாது. தோத்தாலும் மற்றப் பக்கத்துக்குக் கை தட்டுறது, பெரியவரோட கண்ணைப் பாத்துக் கதைக்கிறது, தன்ர கட்டிலைத் தானே விரிக்கிறது, தன்னை விடச் சின்னவனைப் பாத்துக்கொள்ளுறது, இசை, நாடகம், 300 பேருக்கு முன்னால எழும்பி நிண்டு வாசிக்கிற துணிவு. ஹவுஸுக்கு விசுவாசமா இருக்கிறது. இந்த விசுவாசத்திலதான் எனக்குக் கொஞ்சம் நெருடுது. ஈட்டனில முதலாம் உலகப்போரில செத்த பழைய மாணவர் மட்டும் 1,000 பேருக்கு மேல, பழைய பள்ளிக்கூடம் எதுக்குப் போனாலும் ஒரு சுவரில பேர்களைச் செதுக்கி வைச்சிருப்பினம், பெடியள் சாப்பாட்டுக்குப் போறதும் வாறதும் அந்தச் சுவரைக் கடந்துதான். நல்ல பெடியன் எண்டால் முறைப்பாடு சொல்ல மாட்டான், பல்லைக் கடிச்சுக்கொண்டு தாங்குவான், தன்ர ஆக்களைக் காட்டிக் குடுக்க மாட்டான். இதை ஒரு மாஸ்டரும் வகுப்பில படிப்பிக்கிறேல்ல. முதல் ரேர்ம் (தவணை) முடிய முன்னம் ஒவ்வொரு பெடியனுக்கும் எப்பிடியோ தெரிஞ்சிடும்.

தங்கச்சி, நீங்கள் பயப்பிட வேண்டியது இதுக்குத்தான். சப்பலில பாடுற பாட்டு உங்கட பிள்ளையை ஒண்டும் செய்யாது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விடுற பழக்கம் செய்யும்.

நான் அடிக்கடி பாக்கிற ஒரு காட்சி சொல்லுறன். ஞாயிறு பின்னேரம், வீட்டுக்குப் போன் எடுக்கிற நேரம். பெடியன் ட்ரையிங் ரூம் எண்டு சொல்லுற இடத்தில நிப்பான், சேத்துச் சப்பாத்து, ஈர ஜேர்சி, ஹீட்டர் சூட்டில எல்லாம் சேர்ந்து ஒரு நாத்தம், அதால அங்க ஆக்கள் வாறது குறைவு, அதுதான் தனிய நிண்டு கதைக்க இருக்கிற ஒரே இடம். அம்மா "சாப்பிட்டியோ" எண்டுவா, "ம்". "படிப்பு எப்பிடி", "ஃபைன்". "ஃப்ரெண்ட்ஸ்?", "ஃபைன்". பின்னால ஆரோ கதவைத் திறக்கிற சத்தம் கேட்டவுடன குரல் மாறும், தமிழ் இங்கிலிஷா மாறும், "ஓகே பாய்" எண்டு வைச்சிடுவான். அம்மாவுக்கு நிம்மதி, பிள்ளை ஃபைன். பெடியனுக்கும் ஒரு நிம்மதி, அம்மாவை அழ வைக்கேல்ல. மூண்டு ரேர்ம் கழிச்சு என்னட்ட வந்து இருக்கிறவன் அந்தப் பெடியன்தான். உங்கட மகனுக்கு 12 வயசிலயே, போறதுக்கு முன்னமே, "ஐ டோன்ட் மைண்ட்" வந்திட்டுது. அப்பாவின்ர ஆசை அவனுக்குத் தெரியும், அம்மாவின்ர பயம் தெரியும், அம்மம்மா அழுறதும் தெரியும், எல்லாரையும் சமாளிக்க ஒரு வசனம் கண்டுபிடிச்சு வைச்சிருக்கிறான். கெட்டிக்காரப் பிள்ளை. அதுதான் எனக்குக் கவலை.

நான் பெரிசாக்கிச் சொல்லேல்ல. 2024 நவம்பரில அங்கிலிக்கன் சபையின்ர தலைமைப் பிஷப்பா இருந்த கன்ரபரி ஆர்ச்பிஷப் ஜஸ்டின் வெல்பி ஏன் பதவி விலகினவர் எண்டு நியூஸில பாத்திருப்பீங்கள். ஜோன் ஸ்மைத் எண்ட ஒரு சட்டத்தரணி, பேர்போன பள்ளிக்கூடத்துப் பெடியளுக்கு எண்டு நடந்த கிறிஸ்தவ காம்ப்புகளில 1970கள் துவக்கம் பழகி, அந்தப் பெடியளைக் கூப்பிட்டு மோசமா அடிச்சுச் சித்திரவதை செய்தவர். 1982லயே அதைப் பற்றி ஒரு அறிக்கை எழுதி உள்ளுக்க இருந்த பெரியவைக்குத் தெரியும், பொலிசுக்கு ஆரும் போகேல்ல. அடி வாங்கின பெடியள் வாய் திறக்காததுக்குக் காரணம் சொல்லோணுமே, மேல எழுதினதுதான். 2022 மார்ச்சில இங்கிலாந்தின்ர சிறுவர் துஷ்பிரயோக விசாரணைக் குழு போர்டிங் பள்ளிக்கூடங்களைப் பற்றி ஒரு அறிக்கை விட்டது, பள்ளிக்கூடத்தின்ர பேரைக் காப்பாத்துறது பிள்ளையைக் காப்பாத்துறதை விட முக்கியமாப் போன கதையள் அதில நிறைய.

அதே நேரம் 40 வருசத்துக்கு முந்தின கதையளை மட்டும் வைச்சு இப்பத்தையப் பள்ளிக்கூடத்தை அளக்கிறதும் நியாயம் இல்லை. பிரம்படி 1999இல இருந்து இங்கிலாந்தில ப்ரைவேட் பள்ளிக்கூடத்திலயும் சட்டப்படி இல்லை. மூத்தவனுக்குச் சப்பாத்து துடைக்கிற எடுபிடி வேலை எல்லாம் போயிட்டுது. போர்டிங்குகளுக்கு அரசாங்கம் வைச்ச குறைந்தபட்ச விதியள் இருக்கு, அதின்படி பிள்ளை வீட்டோட தனிய, ஆரும் கேக்காமல் கதைக்க வசதி இருக்கோணும், அதோட பள்ளிக்கூடத்தில வேலை செய்யாத ஒரு வெளியாளைப் பிள்ளை நேரடியாக் கூப்பிட்டுக் கதைக்கக் கூடிய மாதிரி வைச்சிருக்கோணும். விதி எல்லா இடத்திலயும் ஒண்டு, நடக்கிற விதம்தான் ஹவுஸுக்கு ஹவுஸ் மாறும், ஒரே பள்ளிக்கூடத்துக்குள்ளயே ஒரு ஹவுஸ் வீடு மாதிரியும் அடுத்தது ஆமி பரக் மாதிரியும் இருக்கும்.

அதால நீங்கள் திரும்ப ஒருக்கா நேர போய்ப் பாருங்கோ, ஓப்பன் டேயில இல்லை, சாதாரண கிழமை நாளில. ஹெட்மாஸ்டரோட கதைச்சு நேரத்தை வீணாக்காதேங்கோ, அவர் 200 தாய் தேப்பனிட்டச் சொன்னதைத்தான் உங்களுக்கும் சொல்லப்போறார். ஹவுஸ் மாஸ்டரையும், பெடியளைப் பாத்துக்கொள்ளுற மேட்ரனையும் பிடியுங்கோ. "ராத்திரி 11 மணிக்கு இவனுக்குப் பயமா இருந்தால் எந்தக் கதவைத் தட்டுவான்? அந்தக் கதவுக்குப் பின்னால ஆர் படுத்திருக்கினம்?" எண்டு கேளுங்கோ, பேர் சொல்லிப் பதில் வரோணும், "எங்களிட்ட நல்ல பாஸ்டரல் கேர் (பிள்ளையளைப் பாத்துக்கொள்ளுற) சிஸ்டம் இருக்கு" எண்டு வந்தால் சரியில்லை. "போன வருசம் இந்த ஹவுஸில இருந்து ஒரு பெடியன் விலகினவனோ, ஏன்?" எண்டும் கேளுங்கோ. நல்ல ஹவுஸ் மாஸ்டர் கொஞ்சம் யோசிச்சு, பேர் சொல்லாமல், உண்மையாப் பதில் சொல்லுவார். உங்களைச் சுத்திக் காட்ட விடுற பெடியனை இல்லை, கொரிடோரில தனியப் போற பெடியனைப் பாருங்கோ, ஹவுஸ் மாஸ்டர் அவனைக் கடக்கிற நேரம் அவன்ர பேர் சொல்லி ஏதும் கேக்கிறாரோ எண்டு. நோட்டீஸ் போர்டையும் வாசியுங்கோ. ரக்பி டீம் லிஸ்ட் மட்டும் தொங்குதோ, செஸ், ஆர்ட் எக்ஸிபிஷன், ஓர்கெஸ்ட்ரா ஒத்திகை எல்லாம் கிடக்கோ? ரக்பி விளையாடாதவன் அந்த ஹவுஸில ஆளா மதிக்கப்படுறானோ எண்டது அந்த போர்டில எழுதியிருக்கும். வெளியாள் நம்பர் எங்க ஒட்டியிருக்கு எண்டும் பாருங்கோ, ஓஃபிஸுக்கு முன்னால எல்லாரும் காண ஒட்டினால் ஒரு பெடியனும் அதில நிண்டு குறிச்செடுக்க மாட்டான், கக்கூஸ் கதவுக்கு உள்பக்கம் ஒட்டியிருந்தால் அங்க ஆரோ மூளையுள்ள ஆள் இருக்கினம் எண்டு அர்த்தம். போக முதல் பிள்ளையளுக்கு உதவுற சைல்ட்லைன் தொலைபேசி நம்பர் 0800 1111ஐயும் மகனுக்குப் பாடமாக்கிக் குடுங்கோ, இங்கிலாந்தில எந்தப் பிள்ளையும் காசில்லாமல் எடுக்கலாம்.

பொம்பிளைப் பிள்ளையளைப் பற்றிக் கேட்டிருந்தீங்கள். பழைய பள்ளிக்கூடங்களில கன இடங்கள் இப்ப கலவனாயிட்டுது, ரக்பி பள்ளிக்கூடத்தில 1990களிலயே பொம்பிளைப் பிள்ளையள் எல்லா வகுப்பிலயும் வந்திட்டினம், வின்செஸ்டர் 2022இல மேல் வகுப்புக்கு எடுக்கத் துவங்கினது, ஈட்டன், ஹாரோ, ராட்லி மாதிரிக் கொஞ்சம்தான் ஆம்பிளைப் பிள்ளையளுக்கு மட்டும் எண்டு நிக்குது. பெடியள் மட்டும் இருக்கிற இடத்தில பொம்பிளையளைப் பற்றி ஒரு மாதிரிக் கதைக்கிறது கூட எண்டு எனக்கும் படுது. ஆனால் 2021 ஜூனில பள்ளிக்கூடங்களைச் சோதிக்கிற ஒஃப்ஸ்டெட் செய்த ஆய்வில, கலவன் பள்ளிக்கூடங்கள் உட்பட, 10 பொம்பிளைப் பிள்ளையளில 9 பேர் கேவலமான பேர் சொல்லிக் கூப்பிடுறதும் வேண்டாத படங்கள் அனுப்புறதும் நடக்குது எண்டு சொல்லியிருக்கினம், அதால கலவன் எண்டால் பத்திரம் எண்டும் இல்லை. உங்கட வீட்டில ரெண்டு தங்கச்சிமார் இருக்கினம், லீவில வந்து நிக்கிற நேரம் அண்ணா போர்டிங்கால வந்திருக்கிறான் எண்டு ரெண்டு பிள்ளையளையும் கொண்டு கோப்பை கழுவுவிக்காதேங்கோ. அவனே கழுவட்டும்.

துரையா வருவானோ எண்டால், கதைக்கிற விதம் மாறும், அது நிச்சயம், முதல் கிறிஸ்மஸுக்கு வரேக்கையே மாறியிருக்கும், அதைப் பாத்து நக்கல் அடிக்காதேங்கோ, ரெண்டு இடத்தில வாழுற பிள்ளைக்கு ரெண்டு குரல் வேணும். மற்றப் பெடியள் பனிச்சறுக்குக்குப் போற லீவில உங்கட மகன் சித்தி வீட்டில நிப்பான், அது உறுத்தும், அதை அவன் உங்களிட்டச் சொல்லக் கூடியதா இருக்கோணும், அவ்வளவுதான். தமிழ் போயிடும் எண்டதை நீங்கள் எழுதவே இல்லை, நான் உங்கட இடத்தில இருந்தால் மதத்தை விட அதுக்குத்தான் அழுவன். அம்மம்மாவை அழுறதை விட்டிட்டுப் பேரனுக்குக் கிழமைக்கு ஒரு வொய்ஸ் மெசேஜ் போடச் சொல்லுங்கோ, ஊர்ப் புதினம், ஆர் செத்தது, ஆருக்குக் கலியாணம், எல்லாம். எழுத்தில வேண்டாம், குரலில. பதில் கேக்கக் கூடாது. ஹெட்ஃபோனில கேட்டால் ஆருக்கும் தெரியாது.

காசுக் கணக்கைச் சுருக்கமாச் சொல்லுறன். ஸ்கொலர்ஷிப் எண்டது கெட்டித்தனத்துக்குக் குடுக்கிறது, கன இடங்களில அது ஃபீஸில சின்னத் துண்டுதான். பர்சரி எண்டது உங்கட வருமானத்தைப் பாத்துக் குடுக்கிறது, அது பெரிசாக் கிடைக்கலாம், ஆனால் வருசா வருசம் திரும்பப் பாப்பினம். 2025 ஜனவரி 1இல இருந்து ப்ரைவேட் ஃபீஸுக்கு 20 வீதம் வாட் வரி வேற, பெரிய பேர் உள்ள போர்டிங்குகளில வருசத்துக்கு 50,000 பவுண்ஸைத் தாண்டிப் போகுது. அதுக்கு மேல யூனிஃபோர்ம், மியூசிக் லெசன், ட்ரிப். ரெண்டு மகளையும் படிப்பிக்கோணும் எண்டதை இவருக்கு ஒருக்கா ஞாபகப்படுத்துங்கோ. அரசாங்கப் போர்டிங் பள்ளிக்கூடங்களும் இங்கிலாந்தில இருக்கு, படிப்பு ஃப்ரீ, தங்கிறதுக்கு மட்டும் காசு, அதை உங்கட ஆக்களில கனபேருக்குத் தெரியாது.

நான் என்ன செய்வன் எண்டு கேட்டால், முதல்ல அப்பாவும் மகனும் தனியக் காரில எங்கயாவது போகட்டும், நீங்கள் போகாதேங்கோ. முகத்துக்கு முகம் பாத்தால் பெடியள் கதைக்க மாட்டினம், ரோட்டைப் பாத்துக்கொண்டு போனால் கதைப்பினம். அப்பா தன்ர ஹோஸ்டலில தனக்குப் பிடிக்காத விசயத்தைச் சொல்லட்டும், பெருமை எல்லாம் பெடியன் கேட்டு அலுத்திட்டான். முதல் ராத்திரி அழுதவரோ, ஆரும் அடிச்சவையோ, வீட்டுக்குச் சொல்லாமல் விட்டது என்ன எண்டு. அதைக் கேட்டபிறகும் மகன் போகோணும் எண்டு தன்ர வாயால, காரணத்தோட சொன்னால் விடுங்கோ, போகட்டும். எண்டாலும் முழு போர்டிங் வேண்டாம், வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்து ஞாயிறு திரும்புற மாதிரி வீக்லி போர்டிங் இருக்கோ எண்டு கேளுங்கோ. அதுவும் இல்லை, "ஐ டோன்ட் மைண்ட்"டும் மாறேல்ல எண்டால் என்ர வாக்கு இப்ப வேண்டாம். 16 வயசில ஏ லெவலுக்கு எடுக்கிற இடங்கள் கனக்க இருக்கு, அப்ப அவன் தானே தெரிஞ்செடுக்கட்டும். இவர் கோவிப்பார், கோவிக்கட்டும்.

சைன் வைக்க முதல் கொன்ட்ராக்ட்டில விலகிற பகுதியை வாசியுங்கோ. கன பள்ளிக்கூடங்களில ஒரு முழு ரேர்முக்கு முன்னம் எழுத்தில அறிவிக்கோணும், இல்லாட்டி அந்த ரேர்ம் ஃபீஸைக் கட்டச் சொல்லுவினம். அந்தக் காசு போயிடும் எண்டு பாத்துப் பிள்ளையை இன்னுமொரு ரேர்ம் வைச்சிருந்த தாய் தேப்பனை நான் கண்டிருக்கிறன். ஒரு ரேர்ம் ஃபீஸ் அளவு காசை இப்பவே வேறயா எடுத்து வைக்க ஏலுமெண்டால் அனுப்புங்கோ. அந்தக் காசு இருக்கு, எந்த நாளும் கூப்பிட்டால் வந்து ஏத்துவம் எண்டு மகனுக்கும் சொல்லி அனுப்புங்கோ.